லாரி ஓட்டுநரின் உறக்கமும் நமது கடமையும்

ஊராட்சி மன்ற உறுப்பினர்களே! உழவர் பெருமக்களே!

தாம்பரத்தை நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையை நாம் அனைவரும் அறிவோம். தென் மாவட்டங்களின் காய்கறியும் கனியும் இரவெல்லாம் அவ்வழியே லாரிகளில் வருகின்றன. பெருங்களத்தூரில் புறவழிச் சாலையில் திரும்பி, விடியுமுன் கோயம்பேடு சந்தையை அடைகின்றன.

நாம் விளைவித்த பொருளை விலையாகும் இடத்தில் சேர்ப்பவர் ஓட்டுநர். அவர் உறங்கும் நேரம் எது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? திருச்சியிலிருந்து தாம்பரம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மாலை 7 மணிக்கு ஏற வேண்டிய மூட்டைகள் இரவு 10 மணிக்கு ஏறினால், இழந்த மூன்று மணி நேரத்தை அவர் எங்ஙனம் ஈடு செய்வார்? வேகத்தைக் கூட்டுவார், ஓய்வைக் குறைப்பார். பின்னிரவு 2 மணி முதல் 5 மணி வரை மனித உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும். தேநீர் சிறிது நேரமே துணை செய்யும். உறக்கக் கடனை உறக்கமே தீர்க்கவல்லது.

சட்டம் இதனை உணராமலில்லை. 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலைக்கு வரம்பு கட்டியது. நெடுந்தூர வழிகளில் அனுமதியுடன் நாளுக்கு 10 மணி நேரம் வரை இடமளித்தது. 5 மணி நேர வேலைக்குப் பின் அரை மணி நேர ஓய்வையும் விதித்தது. ஆயினும், ஐந்து தொழிலாளருக்குக் குறையாத நிறுவனங்களையே அது கட்டுப்படுத்தியது. ஒற்றை லாரி உரிமையாளரிடம் வேலை செய்த ஓட்டுநர் அதன் நிழலுக்குப் புறம்பே நின்றார். அச்சட்டத்தின் இடத்தில் இப்பொழுது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துள்ளது. எச்சட்டமாயினும், மூட்டை ஏற்றும் களத்தில் நேரத்தைக் குறிப்பவர் நாமே.

ஆகவே, லாரி வருமுன் பறித்து, எடையிட்டு, மூட்டை கட்டி வைப்போம். பகலெல்லாம் ஓட்டி வந்தவர் எனில், அவரை உறங்கச் செய்த பின்னரே அனுப்புவோம். இயலாவிடில் மாற்று ஓட்டுநரைக் கோருவோம். நெடுஞ்சாலையை ஒட்டிய ஊராட்சிகள், நெடுஞ்சாலைத் துறையின் இசைவுடன், சாலையை விட்டு விலகிய இடத்தில் விளக்கு, குடிநீர், கழிப்பிடம் ஆகியவற்றோடு லாரிகள் நிற்க வசதி செய்தல் வேண்டும். சாலையோரத்தில் விளக்கின்றி நிற்கும் லாரி, பின்னால் வருவோருக்கு எமனாகும்.

தாமதத்தால் அன்றைய விலை சற்றுக் குறையக்கூடும், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்நட்டத்தை அடுத்த விளைச்சலில் ஈடு செய்யலாம். சாலையில் போன உயிரை எந்த விளைச்சலும் மீட்டுத் தராது. ஓட்டுநரும் ஒரு குடும்பத்தின் தூண் என்பதை நினைவிற்கொண்டு நாம் செயலாற்றுவோமாக.