சொல்லக் கூசும் உபாதை



டில்லியிலும் மும்பையிலும் உத்தியோகம் பார்க்கும் நம்மவர் பலர், ஊரிலிருந்து தாயாரை அழைத்துவந்து உடன் வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த அம்மையார் சில மாதங்களாகக் கோயிலுக்கு வர மறுக்கிறார். ரயில் பயணம் என்றாலே தயங்குகிறார். மாலையில் தண்ணீர் தொடுவதில்லை. முழங்கால் வலி என்கிறார். உண்மைக் காரணம் வேறாயிருக்கக் கூடும். இருமினாலும் தும்மினாலும் தம்மையறியாமல் சிறுநீர் கசிந்துவிடுகிறது. டாக்டரிடம் சொல்ல மொழி தெரியாது; பேரனைக் கொண்டு சொல்லச் செய்ய மனம் ஒப்பாது.

முதுமை வந்தால் இதுவும் வரத்தான் செய்யும் என்று நாம் விட்டுவிடலாகாது. பிள்ளைப்பேற்றினாலும் வயதினாலும் இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்வது ஒரு வகை. சிறுநீர்ப்பை நிரம்புமுன்பே சுருங்கி அவசரப்படுத்துவது மற்றொரு வகை. ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பருத்து வழியை அடைக்க, நிரம்பிய பை துளித்துளியாக வழிவதும் உண்டு. நீரிழிவு, மலச்சிக்கல், இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் சில மாத்திரைகள் ஆகியவையும் காரணமாகலாம். எவ்வகை என்று அறியாமல் மருந்து தேடுவது வீண்.

தண்ணீரைக் குறைப்பது பலர் கையாளும் உபாயம், அது தவறு. சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும்; மலமும் இறுகும். குறைக்க வேண்டியது காப்பியை. (நம்மவரிடம் இதைச் சொல்வது எளிதன்று!)

தசைத் தளர்ச்சிக்கு, அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் விளக்கி எழுதிய பயிற்சியே இன்றும் முதற் சிகிச்சை. சிறுநீரை அடக்குவதுபோல் அத்தசைகளை உள்ளிழுத்து, 5 எண்ணும்வரை நிறுத்தி, அவ்வளவு நேரம் தளர்த்த வேண்டும். வேளைக்கு 10 முறை, நாளைக்கு 3 வேளை. மூச்சை அடக்கலாகாது, சிறுநீர் கழிக்கும்போதும் செய்யலாகாது. பலன் தெரிய 3 மாதம் ஆகலாம். மூன்றாம் வாரத்தில் சலித்து விட்டுவிடுவோருக்குப் பலன் இல்லை. அவசர வகைக்கு, உந்துதல் எழுந்ததும் ஓடாமல் சில நிமிடம் பொறுத்து, இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிப் பழக வேண்டும். மாத்திரைகளும் உண்டு.

மொழித் தடைக்கும் வழி உண்டு. 3 நாள், குடித்த அளவு, கழித்த நேரம், கசிந்த வேளை, அப்போது செய்த காரியம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துவைக்கட்டும். மகளோ மருமகளோ அதை இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதித் தந்தால், அம்மையார் தாமே டாக்டரிடம் நீட்டலாம். டாக்டர் கேட்கும் முதற் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே விடை இருக்கும்.

சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், சிறுநீர் அடியோடு அடைபடுதல், கால்கள் திடீரென வலுவிழத்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாளுக்கும் பயிற்சிக்கும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.