முலாமும் முன்சக்கரமும்

பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்துக்கு ஈயம் பூசுவதும் வெளிப்புறத்தைப் புளியிட்டுத் துலக்குவதும் ஒரே பாத்திரத்துக்குச் செய்யும் இருவேறு பணிகள். முன்னது உண்பவரின் உடலைக் காப்பது. பின்னது பார்ப்பவரின் கண்ணை மகிழ்விப்பது. மோட்டார் சைக்கிளின் முன்பகுதியிலும் இத்தகைய வேறுபாடு ஒன்று உண்டு. ஆனால் அங்கே இரு பணிகளையும் செய்வது குரோமியம் என்னும் ஒரே உலோகம். ஆதலால் வாங்குபவர் மயங்குவது இயல்பே.

முன்சக்கரத்தின் இருமருங்கும் இறங்கி நிற்கும் இரண்டு கால்களையும் சேர்த்துப் போர்க் என்பர். ஒவ்வொரு காலும் ஒன்றினுள் ஒன்று சறுக்கும் இரு குழல்களால் ஆனது. மேலேயுள்ள உருக்குக் குழல் கைபிடியின் கீழுள்ள தாங்கியில் அசையாது பூட்டப்பட்டிருக்கும். கீழேயுள்ள அலுமினியக் குழல் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். உள்ளே சுருள்வில்லும் எண்ணெயும் உண்டு. வில் அதிர்ச்சியை ஏற்கும். எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்குண்டு பாய்ந்து வில்லின் துள்ளலை அடக்கும். இவ்வமைப்பை ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1935 இல் தனது ஆர் 12 என்னும் வண்டியில் அமைத்து விற்பனைக்கு விட்டது. அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் 1903 இல் தோன்றிய ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 1949 இல் இதனை மேற்கொண்டு, அவ்வண்டிக்கு ஹைட்ரா கிளைட் என்று பெயரும் சூட்டியது.

இந்த ஹார்லி வண்டிகளை உடையோரிடையேதான் கீழ்க்குழலை மாற்றி அழகுபடுத்தும் வழக்கம் மிகுதி. மங்கிய வெள்ளை நிறத்தோடு வந்த அலுமினியக் குழலைக் கழற்றிவிட்டு, கண்ணாடிபோல் ஒளிரும் குரோமிய முலாம் பூசியதையோ பளபளக்கும் கறுப்புக் குழலையோ பூட்டுவர்.

மேற்குழலின்மீது காணப்படும் குரோமியம் அழகுக்கு இட்டதன்று. அது கடினமானது, தடிப்பாக ஏற்றப்படுவது. கீழ்க்குழலின் வாயிலுள்ள இறப்பர்ச் சீலின் உதடு ஓயாது உராய்வது அப்பரப்பின்மீதே. அதில் கறல் பிடித்து ஒரு சிறு குழி விழுந்தாலும் சீல் கிழியும், எண்ணெய் கசியும். கசிந்த எண்ணெய் பிறேக் தட்டில் படியுமாயின், வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நில்லாது. கீழ்க்குழலின் வெளிப்புறத்துக் குரோமியமோ நிக்கல் படையின்மேல் ஒரு மைக்கிரோனுக்கும் குறைந்த தடிப்பில் இட்ட மினுக்கம் மட்டுமே. மேற்குழலில் கறற்குழி இருக்கப் புதிய கீழ்க்குழலுக்குப் பணம் கொடுப்பவர், கூரை ஒழுகும் வீட்டின் சுவருக்கு வெள்ளையடிப்பவரை ஒப்பர்.

வாங்கும்போது நிறத்தைப் பின்னர்ப் பார்க்கலாம். முதலிற் பார்க்கவேண்டியது அளவு. ஸ்போட்ஸ்டர் வகை வண்டிகள் 1988 முதல் 39 மில்லிமீற்றர்க் குழலைக் கொண்டிருந்தன. டைனா வகையில் 2006 இல் 49 மில்லிமீற்றர் வந்தது. நெடும்பயண வண்டிகளில் 41 ஆக இருந்தது 2014 இல் 49 ஆயிற்று. 2008 ஆம் ஆண்டு வண்டிகளிற் சக்கர அச்சே 25 மில்லிமீற்றருக்கு மாறியது. பிறேக் தட்டு ஒன்றா இரண்டா என்பதும் பார்க்கவேண்டியதே. பெயர் ஒன்றாயிருப்பதை நம்பி வேற்றாண்டுக் குழலை வாங்கியவர், அச்சு நுழையாத துளையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

தம் பழைய குழலையே முலாமிடக் கொடுப்போரும் உளர். அவ்வாறாயின் புஸ்களையும் சீல்களையும் முற்றாக அகற்றிய பின்னரே கொடுத்தல் வேண்டும். சீல் அமரும் வாயும் போல்ட்டு ஏறும் மறைகளும் மூடப்பட வேண்டும். அங்கே முலாம் ஏறினால் அளவு பிறழும். கறுப்புத் தூள்வர்ணம் ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் இறுகுவது. அதில் வேறொரு இடர் உண்டு. பிறேக்கைத் தாங்கும் முகத்தில் வர்ணம் தடிப்பாய் நின்றால், போல்ட்டின் நெருக்கத்தில் அது நாளடைவில் அமிழ்ந்து, இறுக்கிய போல்ட்டு தளரும். அவ்விடங்களில் வெற்று உலோகமே இருத்தல் நன்று. இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், கடற்காற்று வீசும் ஊரில் கறுப்பே என்று சொல்லலாம். உப்பு ஒருமுறை குரோமியத்தின் கீழே புகுந்துவிட்டால் முலாம் செதிளாய் உரியும்.

பொருத்தும் வேலை பொறுமையை வேண்டுவது. வண்டியின் முன்பகுதியை உறுதியாக உயர்த்தியபின், பிறேக் பிடியைக் கழற்றிக் கயிற்றாற் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் குழாயிலே தொங்கவிடலாகாது. பின்னர்ச் சக்கரமும் மட்காட்டும் கழலும். எண்ணெயை வடித்தபின், காலின் அடியிலுள்ள போல்ட்டை, மேல்மூடியைத் திறவாமலே தளர்த்த வேண்டும். வில்லின் அழுத்தம் இருக்கும்வரைதான் உள்ளேயுள்ள தண்டு கூடச் சுழலாது நிற்கும். தூசிமூடியின் கீழுள்ள வளையத்தை எடுத்துவிட்டுக் கீழ்க்குழலைச் சிலமுறை வேகமாகக் கீழ்நோக்கி இழுத்தால், பழைய சீலோடு அது பிரிந்து வரும். புதிய சீலின் உதட்டுக்கு எண்ணெய் தடவியே ஏற்ற வேண்டும். அடிப்போல்ட்டுக்குப் பழைய வாசரை மீண்டும் இடுவது சிக்கனமாகாது; மறுநாட் காலையில் தரையிற் காணும் எண்ணெய்த் துளியே அதற்குச் சான்று.

எண்ணெய் ஊற்ற மேல்மூடியைத் திறக்கும்போது முகத்தை அதற்கு நேரே வைத்தலாகாது. உள்ளே அழுந்தியிருக்கும் வில் மூடியை அம்புபோல் எறியவல்லது. எண்ணெயின் அளவு அவ்வாண்டுக்குரிய கைந்நூலிற் கூறியவாறே இரு கால்களுக்கும் ஒத்திருத்தல் வேண்டும். அச்சை நுழைத்து இறுக்கியபின், அதனைக் கவ்வும் சிறு போல்ட்டை உடனே முடுக்காமல், வண்டியைத் தரையில் நிறுத்தி முன்பகுதியை நாலைந்து முறை அழுத்திவிட்டால், இரு கால்களும் தமக்குரிய நேரில் அமையும். அதன்பின் முறுக்குமானி கொண்டு போல்ட்டுக்களை இறுக்கலாம்.

குழல்கள் வெயிலில் மின்னத் தொடங்கியதும் வண்டியிலேறி ஒரு சுற்றுப் போய்வர மனம் உந்தும். ஆனால் கழற்றும்போது பிறேக் கட்டைகள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும். முதற்பிடியில் நெம்பு வெறுமையாய்க் கைபிடிவரை வந்துவிடும். வண்டி நின்ற நிலையிலேயே, கைக்கு உறுதி தட்டும்வரை அதனைப் பலமுறை பிடித்துப் பார்த்த பின்னரே எஞ்சினை இயக்க வேண்டும்.