தோட்டத்தில் விழுந்த முதல் விரிசல்

(தொலைக்காட்சி அரங்கம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில வாரங்களுக்கு முன் சுங்கைப்பட்டாணியில் ஒரு மாணவர் பட்டறைக்குப் போயிருந்தேன். ஊடகத் துறை பற்றிப் பேசி முடித்ததும் ஐந்தாம் படிவ மாணவி ஒருவர் எழுந்தார். "அக்கா, இலங்கையில சண்டை எதுக்கு வந்துச்சு? கடைசியில யாருக்கு என்ன கெடைச்சுச்சு?" என்று கேட்டார். சிங்களவருக்கும் தமிழருக்கும் சண்டை, 2009-இல் முடிந்தது என்று இரண்டு வரி சொன்னேன். அவரும் உட்கார்ந்துவிட்டார். திருப்தி அடைந்த முகமாகத் தெரியவில்லை.

2009 மே மாதம் நான் டிப்ளோமா மாணவி. அன்றைய செய்தியை ஒரே வரியில் எழுதச் சொன்னார் விரிவுரையாளர். 'இலங்கைப் போர் முடிவுக்கு வந்தது' என்று எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். இத்தனை வருடம் கழித்து அதே வரியைத்தான் அந்தப் பிள்ளையிடமும் சொல்லியிருக்கிறேன் என்பது காரில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. அவருக்குக் கடன்பட்ட பதிலைத்தான் இன்று இந்த அரங்கில் பேச நினைக்கிறேன்.

இலங்கைப் போர் என்றதும் நம்மில் பலர் 1983-இல் தொடங்குவோம். நான் 1948-இல், அதுவும் யாழ்ப்பாணத்தில் அல்ல, தேயிலை மலையில் தொடங்குகிறேன். ஏனென்றால் முதலில் அடிபட்டவர்கள் நம்மைப் போன்ற தோட்டத்து ஆட்கள்.

திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து கங்காணி ஆள் பிடித்தபோது, சிலரைக் கொழும்புக்கு அனுப்பினார். சிலரைப் பினாங்குக்குக் கப்பல் ஏற்றினார். அங்கே தேயிலை, இங்கே கித்தா. லயம் ஒன்றுதான், பிரட்டுக் களம் ஒன்றுதான். பீடோங்கிலோ பாடாங் செராயிலோ பால் வெட்டியவரின் சொந்தத் தம்பி ஹட்டனில் கொழுந்து பறித்திருக்கலாம்.

இலங்கை 1948 பிப்ரவரி 4-ஆம் தேதி சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்து அவர்களின் வாக்குரிமையும் போனது. அப்பன் அங்கேயே பிறந்ததற்குக் காகிதம் கொண்டு வா என்றால், லயத்தில் பிரசவித்த பிள்ளைக்கு எந்தக் காகிதம் இருக்கும்? நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

அப்போது யாழ்ப்பாணத் தலைவர்கள் என்ன செய்தார்கள்? ஜி.ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். இதை ஏற்க முடியாது என்று அவர் கட்சியை விட்டு விலகி, 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் எஸ்.ஜே.வி. செல்வநாயகம். இன்று மலையகத் தமிழனுக்குச் செய்தது நாளை மொழியின் பெயரால் நமக்கும் வரும் என்பது அவர் வாதம். அந்தச் செல்வநாயகம் 1898-இல் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் ஈப்போ! இதை நான் படித்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

சிலோன்காரர் என்றால் நம் தோட்டத்தில் யார்? கிராணி ஐயா. ரயில்வே நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர். அவர்கள் வீட்டு வாசலில் நம் ஆட்கள் செருப்பைக் கழற்றி நின்ற காலம் உண்டு. அந்த இடைவெளி இலங்கையிலும் இருந்தது. அதைத் தாண்டி வந்து பேசியவர் என்பதால் அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

செல்வநாயகம் கேட்டது தனி நாடு அல்ல, சமஷ்டி. வடக்கும் கிழக்கும் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளும் கூட்டாட்சி. கெடாவில் இருக்கும் நமக்கு இது பெரிய அதிசயமே இல்லை. நமக்கு சுல்தான் இருக்கிறார், மந்திரி பெசார் இருக்கிறார், சட்டமன்றம் இருக்கிறது. கோயில் நிலத்துக்குப் பட்டா வேண்டும் என்றால் மாநில நில அலுவலகத்துக்குத்தான் நடக்கிறோம். அங்கே அந்தச் சொல்லே கெட்ட வார்த்தையாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இலங்கைக்குக் கூட்டாட்சி ஏற்றது என்று 1926-இலேயே பேசியவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. அதே மனிதர்தான் 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார். 1957-இல் செல்வநாயகத்தோடு ஓர் ஒப்பந்தமும் செய்தார். பிக்குகளும் எதிர்க்கட்சியும் கிளர்ந்ததும் 1958-இல் அதைக் கிழித்தார். அந்த வருடமே இனக் கலவரம். 1965-இல் டட்லி சேனநாயக்கவுடன் இன்னொரு ஒப்பந்தம். அதுவும் காகிதத்தோடு சரி.

பிறகு பிள்ளைகளின் படிப்பில் கை வைத்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக நுழைவுக்குத் 'தரப்படுத்தல்' வந்தது. மருத்துவத்துக்குத் தமிழ் மாணவர் 400-க்கு 250 எடுக்க வேண்டும், சிங்கள மாணவருக்கு 229 போதும். எஸ்.டி.பி.எம். எழுதிவிட்டு இடத்துக்காகக் காத்திருந்த பிள்ளையின் பெற்றோருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்த தலைவர்கள் 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனி நாடு கோரினார்கள். பையன்கள் அதற்குள் துப்பாக்கி பிடித்துவிட்டார்கள்.

1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, ஏறத்தாழ 97,000 நூல்கள். 1983 ஜூலையில் புலிகள் 13 ராணுவத்தினரைக் கொன்றதும் கொழும்பில் தமிழர் வீடு வீடாகத் தாக்கப்பட்டனர். வாக்காளர் பட்டியல் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. அடுத்த மாதமே, தனி நாடு கோருவதைத் தடைசெய்யும் சட்டத் திருத்தம் வந்து, தேர்தலில் வென்ற தமிழ் எம்.பி.க்கள் நாற்காலியை இழந்தார்கள். பேசுகிறவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால், உள்ளே யார் மிஞ்சுவார்கள்?

அடுத்த 26 வருடத்தை நான் விரிக்கப் போவதில்லை. 1987-இல் இந்திய ஒப்பந்தம், அமைதிப்படை, 1990-இல் அது திரும்பியது, 1991-இல் ராஜீவ் காந்தி படுகொலை, 2002-இல் நார்வே முன்னின்ற போர்நிறுத்தம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போனால் அந்த மாணவிக்கு மறுபடியும் அரைப் பதில்தான் கொடுத்தவள் ஆவேன். 1990 அக்டோபரில் வடக்கில் இருந்த முஸ்லிம்களை, தமிழ் பேசும் மக்களை, புலிகள் விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் சில மணி நேரக் கெடுதான். மாற்றுக் கருத்துச் சொன்ன தமிழ்த் தலைவர்களைச் சுட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளைப் படையில் சேர்த்தார்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. கோபம் வரட்டும், நடந்தது நடந்ததுதான்.

2009 ஜனவரியில் கிளிநொச்சி விழுந்தது. மே மாதம் முள்ளிவாய்க்கால். அரசு தானே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் குண்டு விழுந்தது. புலிகள் மக்களை வெளியேற விடவில்லை. கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை. ராணுவத்திடம் பிள்ளையை ஒப்படைத்த தாய்மார்கள் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் சாலையோரம் உட்கார்ந்தார்கள்.

நம் ஊரில் இதைப் பேச ஏன் குரல் தாழ்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 2019 அக்டோபரில் புலிகளோடு தொடர்பு என்று சொஸ்மா சட்டத்தில் 12 பேர் கைதானார்கள். 2020 பிப்ரவரியில் வழக்குகள் கைவிடப்பட்டன. வழக்கு போனாலும் பயம் போகவில்லை.

சரி, யாருக்கு என்ன கிடைத்தது? தனி நாடு கிடைக்கவில்லை. 1987-இல் வாக்களித்த மாகாண சபைக்கு வடக்கில் முதல் தேர்தல் நடந்ததே 2013-இல். 2018-இல் அதன் தவணை முடிந்தது. நிலமும் போலீசும் சட்டத்தில் மாகாணத்துக்கு எழுதியிருந்தும் கைக்கு வரவில்லை. வென்ற பக்கத்துக்காவது சுகமா என்றால், 2022-இல் பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற தெற்கத்திச் சிங்கள மக்களே, போரை வென்று தந்தவர் என்று கொண்டாடிய கோத்தபாய ராஜபக்சவை நாட்டை விட்டு ஓட வைத்தார்கள்.

மலையகத் தமிழர்? 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள், யாரையும் கேட்காமல். நாடற்றவராக மிஞ்சியவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல்தான் வந்தது.

இந்த உரைக்காகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது என் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தையாக இந்தியாவில் இருந்து வந்தவர். பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் ஆயுள் முழுக்கப் பால் வெட்டியவர். 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் கேட்டபோது, ரஜூலா கப்பல் ஏறாமல் தங்கிவிட்டவர். கையில் இன்னும் சிவப்பு அடையாளக் கார்டுதான். என்ன எழுதுகிறாய் என்றார். சொன்னேன்.

"அவங்களுக்கு எத்தன வருஷம் ஆச்சு கண்ணு?"

"1948-லேருந்து 2003 வரைக்கும். 55 வருஷம் பாட்டி."

கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார். "எனக்கு அதுக்கு மேல ஆயிடுச்சே" என்றார்.