அவன் பக்கத்தில் யார் இருந்தார்கள்?



நான் ஈச்சிலம்பற்றில் இருந்து வந்திருக்கிறேன். கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வெருகல் முருகனுக்கு அயலில் இருக்கிற ஊர். அங்கிருந்து திருகோணமலைக்கும் கொழும்புக்கும் போன இளம் பிள்ளைகளைப் பற்றித்தான் பேச வந்தேன். "ரவுணுக்குப் போய்க் கெட்டுப்போனாங்கள்" என்று ஊரிலும் சொல்கிறார்கள், ரொறன்ரோவிலிருந்து ரெலிபோனில் நீங்களும் சொல்கிறீர்கள். அந்தப் பேச்சு எனக்கு நோகிறது.

அவர்கள் வளர்ந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 2004இல் சுனாமியாகக் கடல் வந்தது. 2006இல் மாவிலாற்றோடு சண்டை மூண்டது. சனம் கரையோரமாகக் கதிரவெளிக்கும் வாகரைக்கும் நடந்தது. நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமிருந்தவர்கள் மேல் செல் விழுந்தது. பிறகு மட்டக்களப்பு முகாம்கள். அன்றைக்கு எட்டு வயதுப் பிள்ளை, எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய வயதில், தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நின்றது.

திரும்பி வந்தால் வீட்டில் கடன். தாய்மார் குவைத்துக்கும் சவூதிக்கும் போனார்கள், பிள்ளைகள் அம்மம்மாவோடு நின்றார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போகக்கூடாதென்று 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்றொரு விதி வந்தது. நுண்கடன் தவணைக்கு வாசலில் வந்து நிற்பவரை எந்த அறிக்கையும் தடுக்கவில்லை.

நான் படிப்பித்த ஒரு பெடியன் இப்போது புறக்கோட்டையில் புடவைக் கடையில் நிற்கிறான். கடைக்கு மேலே ஆறு பேருக்கு ஒரு அறை, சுவரில் ஆணியடித்துத் தொங்கும் சேர்ட்டுகள், ஒரேயொரு பிளக்கில் ஆறு போன் சார்ஜர். இரவு எட்டரைக்குக் கடை பூட்டினால், சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை. அந்த நேரத்தில் தோளில் கைபோட்டு வருகிறவன் ஐஸ் போதைப்பொருள் விற்கிறவனாக இருந்தால்? அந்தப் பழக்கத்தில் விழுந்தால் பெடியனில் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவனோடு ஒரே முகாமில் இருந்த பெண்பிள்ளை திருகோணமலையில் சித்தி வீட்டில் நின்று உயர்தரம் படித்தாள், இன்று ஆசிரியை. அவன் மூளை அவளுடையதற்குக் குறைந்ததல்ல. அவனுக்கு அந்தச் சித்தி வீடு கிடைக்கவில்லை.

ரொறன்ரோவில் இருக்கிற உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தாய் தகப்பன் இல்லாமல் வந்த பெடியள் ஸ்கார்பரோவில் நிலக்கீழ் அறைகளில் படுத்து, உணவகங்களில் கோப்பை கழுவினார்கள். சிலர் குழுச் சண்டைகளில் போய் விழுந்தார்கள். இந்த நகரத்துப் பத்திரிகைகள் நம் இனத்தையே அந்தக் கண்ணால் பார்த்தன. அப்போது உங்கள் இளையோரே கனேடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி மையத்தைத் தொடங்கி, பள்ளிக்கூடம் முடிந்த நேரங்களில் அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் போய் இருந்தார்கள். அவர்களைத் தள்ளிவைக்கவில்லை.

கோயில் கோபுரத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் அள்ளித் தருகிறீர்கள். அதற்கு நன்றி. இம்முறை நான் கேட்பது திருகோணமலை நகரில் ஒரு வாடகை வீடு. எங்கள் பகுதிப் பிள்ளைகள் தங்கிப் படிக்க, இரவில் கூட இருக்க ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சமைக்க ஒரு அம்மா. வாடகை, சாப்பாடு, சம்பளம் எல்லாம் கணக்குப் போட்டு உங்கள் சங்கப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு மாதம் எவ்வளவு என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. இடைவேளையில் வாருங்கள், இருந்து பேசுவோம்.