கொட்டியதை மறைக்காதீர்கள்

குவீன்ஸ்டவுன் மூத்த குடியிருப்பாளர்களுக்கு ஆற்றிய உரை



உங்களில் பலர் இன்னும் வேலைக்குப் போகிறீர்கள். புளோக்கைக் கூட்டுகிறீர்கள், செடிகளை வெட்டுகிறீர்கள், பாதுகாவலராக இருக்கிறீர்கள். குளவி கொட்டினால் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு வேலையைத் தொடர்வது நம் வழக்கம். வெளியே சொன்னால், "வயதாகிவிட்டது, இனி முடியாது" என்று மேற்பார்வையாளர் நினைப்பாரோ என்ற தயக்கம் வேறு.

2016 ஆகஸ்ட் மாதம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சிம்ஸ் டிரைவ் வட்டாரத்தில் காய்ச்சல், தோல் தடிப்பு, மூட்டுவலியுடன் பலர் வருவதைக் கவனித்த ஒரு கிளினிக், சுகாதார அமைச்சுக்குத் தெரிவித்தது. பரிசோதித்ததில் முதலில் 41 பேருக்கு ஸிக்கா இருந்தது. அவர்களில் 36 பேர் ஒரே கட்டுமானத் தளத்தின் ஊழியர்கள். தேசியச் சுற்றுப்புற வாரியம் அங்கு வேலையை நிறுத்த உத்தரவிட்டது. ஒருவர் வாய்திறந்து சொன்னதால்தான் அது வெளியே தெரிந்தது.

தேனீ, குளவி கொட்டினால் என்ன செய்யலாம்?

• கையை வீசி விரட்டாதீர்கள். தேனீ கொட்டும்போது எழும் வாசம் மற்ற தேனீக்களையும் அழைக்கும். உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.
• தேனீயின் கொடுக்கு தோலில் தங்கினால், நகத்தால் சுரண்டி விரைவாக அகற்றுங்கள்.
• சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள். சுண்ணாம்பு வேண்டாம், தோல் புண்ணாகும்.
• மூச்சுத்திணறல், முகம் அல்லது நாக்கு வீக்கம், தலைசுற்றல் இருந்தாலோ பல இடங்களில் கொட்டியிருந்தாலோ, காத்திராமல் 995ஐ அழையுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் நீங்கள் சாப்பிடும் மருந்துகளைச் சொல்லுங்கள். சில மருந்துகள் ஒவ்வாமைச் சிகிச்சையின் பலனைக் குறைக்கக்கூடும்.

கொசுக்கடிக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். டெங்கியாக இருக்கலாம் என்பதால் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் ஆகியவற்றை நீங்களாகச் சாப்பிடாதீர்கள். மருத்துவர் ஏற்கெனவே ஆஸ்பிரின் கொடுத்திருந்தால், அதைத் தொடரலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

வேலையில் கொட்டியிருந்தால் அன்றே முதலாளியிடம் சொல்லுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு என்பதையும், உடனிருந்தவர் யார் என்பதையும் எழுதி வையுங்கள். மருத்துவரிடமும் "வேலையிடத்தில் நடந்தது" என்று கூறுங்கள். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் வயது பார்ப்பதில்லை. சம்பளத்துக்கு வேலை செய்யும் எழுபது வயதுக்காரருக்கும் அதில் இடமுண்டு. இழப்பீடு கோர, விபத்து நடந்ததிலிருந்து ஓராண்டு அவகாசம் இருக்கிறது.

நீங்கள் சொன்னால் அந்தக் கூட்டை அகற்றுவார்கள். நாளை அங்கே கூட்ட வருபவரும் தப்பிப்பார்.