கடன் கணக்கும் நமது கடமையும்
(யட்டவத்தயில் நிகழ்த்திய உரை)



மிளகும் கராம்பும் சாதிக்காயும் விளையும் இம்மண்ணில் நின்று திறைசேரியின் கடன் கணக்கைப் பற்றி நாம் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் 2019 டிசம்பரில் 8 வீதமாயிருந்த பெறுமதி சேர் வரி, 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. மருத்துவரும் ஆசிரியரும் பொறியியலாளரும் செலுத்தும் வருமான வரியின் உச்ச வீதம் 2023இல் 36 ஆயிற்று. இச்சுமைகளின் ஊற்றுக்கண் அந்தக் கணக்கிலேதான் இருக்கிறது. ஆகவே அதைப் படிக்கக் கற்றுக்கொள்வது நமது உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்.

மிளகுத் தோட்டக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஆண்டு வருமானம் பத்து இலட்சம்; வீட்டுச் செலவும் தோட்டச் செலவும் ஒன்பதரை இலட்சம்; பழைய கடனுக்கு வட்டி இரண்டு இலட்சம். வட்டியை ஒதுக்கிவிட்டால் அவருக்கு அரை இலட்சம் மிச்சம். சேர்த்தால் ஒன்றரை இலட்சம் துண்டு விழுகிறது. இரண்டும் உண்மையே. வட்டியை ஒதுக்கிக் காணும் மிச்சத்தை முதன்மை மீதி என்பர். நேற்று வாங்கிய கடனின் வட்டியை இன்று மாற்ற இயலாது. ஆதலால் இன்றைய நடத்தையை அளக்க அது நல்ல கோல்தான். ஆனால் அந்த மிச்சத்தை மட்டும் காட்டி, கடன் தீர்ந்துவிட்டதென்று அவர் ஊருக்குச் சொன்னால் நாம் ஏற்போமா?

நாட்டின் கதையும் இதுவே. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அறிவித்த இலங்கை, 2023இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.6 வீத முதன்மை மிகையைக் கண்டது. பாராட்டுவோம். ஆனால் வட்டியையும் சேர்த்தால் அதே ஆண்டில் துண்டு விழும் தொகை 8.3 வீதம். அந்தத் துண்டை அடைக்கப் புதிய கடன் வேண்டியிருந்தது.

இன்னுமொரு சூது உண்டு. நமது தோட்டக்காரர் உரக்கடைப் பற்றுச்சீட்டை மேசை அறைக்குள் ஒளித்துவைத்தால் அவருடைய கணக்கு அழகாகத்தான் இருக்கும். 2019ஆம் ஆண்டின் துண்டு விழும் தொகை முதலில் 6.8 வீதமென்று சொல்லப்பட்டது. செலுத்தாத நிலுவைகளும் கணக்கில் ஏறாதிருந்த செலவுகளும் சேர்க்கப்பட்டபோது அது 9.6 வீதமாயிற்று. ஆண்டு மாறவில்லை, நாடு மாறவில்லை. எழுதும் முறை மட்டுமே மாறியது!

மூன்றாவதாக, பிணை. மகன் வாங்கும் கடனுக்குத் தந்தை பிணை நின்றால், அவன் தவறும் நாளில் அது தந்தையின் கடன். அரச வங்கிகளிடம் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பெற்ற கடன்களுக்கு அரசாங்கம் பிணை நின்றது. நெருக்கடி முற்றியபின் அக்கடன் திறைசேரியின் தலையில், அதாவது நமது தலையில், வந்து விழுந்தது.

சட்டம் இருக்கவில்லையா? இருந்தது. 2003ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம், 2006 முடிவுக்குள் துண்டு விழும் தொகையை 5 வீதத்துக்கு மேற்படாது குறைக்கச் சொன்னது, பிணைகளுக்கு 4.5 வீத எல்லையிட்டது. எல்லை இடித்தபோது நடத்தை திருந்தவில்லை. எல்லையே நகர்த்தப்பட்டு, 2021இல் 15 வீதமாயிற்று. துணி போதவில்லையென்று முழக்கோலை வெட்டிய கதை இது. 2024இல் அச்சட்டத்தின் இடத்தில் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் வந்தது. வட்டி நீங்கலான செலவுக்கு அது 13 வீத எல்லை வகுத்திருக்கிறது. இந்தக் கோலையும் வெட்ட விடுவோமா என்பதே இன்றைய கேள்வி.

செலவு எல்லையிலும் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். வட்டிக்கு எல்லையில்லை, பள்ளிக்கூடத்துக்கும் மருந்துக்கும் வாய்க்காலுக்கும் எல்லையுண்டு. வட்டி பெருகினால் கத்தி எங்கே விழுமென்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்கே அளித்திருக்கிறது. பாராளுமன்றத்தை அனுப்புகிறவர்கள் நாம். ஆகவே வரவு செலவுத் திட்டம் வரும் ஒவ்வோர் ஆண்டும், வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வட்டியோடு துண்டு எவ்வளவு? வட்டி நீங்கலாக மீதி எவ்வளவு? எழுதாமல் விட்ட நிலுவையும் பிணையும் எவ்வளவு? மூன்றுக்கும் விடை சொல்லாதவர் கணக்குச் சொல்லவில்லை, கதை சொல்கிறார்.

கடன் வாங்குவது குற்றமன்று. கணக்கை மறைப்பதே குற்றம். கேட்பவர் இல்லாத கணக்கு என்றும் நேராயிருந்ததில்லை. கேட்போம்!