பெயர்த்து நடும் வீடு



தமிழகத்துக்கு வெளியே குடியிருக்கும் நம்மவர் இல்லங்களில், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் கையளவுக் கருவியொன்றை வைத்துக்கொண்டு விளையாடும் ஒரு விளையாட்டை நம்மில் பலர் ஓரக்கண்ணால் பார்த்திருப்போம். ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 2020 மார்ச்சு மாதத்தில் வெளியிட்ட அதற்கு 'அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ்' என்று பெயர். அதில் போர் இல்லை, வெட்டுக் குத்து இல்லை, அவசரமும் இல்லை. ஆளில்லாத் தீவு ஒன்றில் இறங்குகிறோம். மீன் பிடிக்கிறோம், வண்ணத்துப்பூச்சி பிடிக்கிறோம், பிடித்தவற்றை ஓர் ஆந்தை நடத்தும் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கிறோம். பேசும் விலங்குகள் ஒவ்வொன்றாகக் குடிவருகின்றன. வருவோருக்கு வீடு வேண்டுமன்றோ? அதற்கு ஆயத்தமான பொதி ஒன்று தரப்படுகிறது. இடம் பார்த்து அப்பொதியை வைத்தால் போதும். கடை கட்டுவதாயின் மூவகை மரத்தில் வகைக்கு 30 துண்டும், இரும்புக் கட்டி 30-உம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஓரிரு நாளில் கடை எழுந்துவிடும். எழுந்த கட்டடம் அந்த இடத்தில் பிடிக்கவில்லையா? அந்நாட்டு நாணயத்துக்கு 'மணி' என்று பெயர். 50,000 மணி செலுத்தினால் கட்டடம் அப்படியே வேறிடத்துக்குப் போய் நிற்கும்.

'உண்மை வீட்டை இப்படிக் கட்ட முடியுமா? பெயர்த்து நட முடியுமா?' என்று பிள்ளைகள் கேட்கின்றனர். முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு நாம் அப்படிச் சொல்வது பொருந்தாது. (உயிரினங்களைச் சேர்த்து வைப்பதிலும் இந்நகரம் பழக்கமுடையதே. 1857-இல் இங்கே அருங்காட்சியகம் தொடங்கிற்று; சென்னை செனட் மண்டபத்தை அமைத்த சிஷோம் என்பாரின் திட்டப்படி அதற்கு 1880-இல் எழுந்த மாளிகை இன்றும் நிற்கிறது. அக்கதையை வேறொரு நாள் பேசலாம்.) அந்த விளையாட்டு நம் கண்ணுக்குக் காட்டாமல் தாண்டிவிடுவது, பொதியை வைத்ததற்கும் வீடு எழுவதற்கும் இடைப்பட்ட அந்த இரவைத்தான். அவ்விரவில் நடக்க வேண்டிய வேலையை இவ்வூர்த் தச்சர்கள் பட்டப்பகலில் பல நூற்றாண்டுகளாகச் செய்து வந்திருக்கின்றனர்.

மலையாள நாட்டின் பழைய மரவீட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். நம் ஊர்க் கொத்தனார் சுவரை எழுப்பிக்கொண்டே போய், பின்னர் அச்சுவருக்கு ஏற்பக் கூரையை அமைப்பார். இங்கே முறை வேறு. முதலில் வீட்டின் சுற்றளவைத் தீர்மானிப்பர். அளப்பதற்குக் 'கோல்' உண்டு. அதற்கு 24 விரல். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். இன்ன சுற்றளவு ஆகும், இன்னது ஆகாது என்று நூல்கள் வரையறுத்துள்ளன. 16-ஆம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் மூசது இயற்றிய 'மனுஷ்யாலய சந்திரிகை' அவற்றுள் பெயர் பெற்றது. சுற்றளவு முடிவானால் நீளமும் அகலமும் அதன் வழியே வந்துவிடும். அவை வந்தால் உத்தரத்தின் நீளம் வரும். அதிலிருந்து கூரைக் கைமரத்தின் நீளம் வரும். ஆகவே மண்ணில் கல் வைக்கு முன்பே மரத்தின் கணக்கு மூத்தாசாரியின் மனத்தில் முடிந்திருக்கும். மரங்கள் தரையிலேயே அறுக்கப்பட்டு, இழைக்கப்பட்டு, துளையிடப்பட்டு, பூட்டிப் பார்க்கப்பட்டு, அதன் பின்னரே மேலே ஏறும்.

கூரையில்தான் இக்கலையின் நுட்பம் முழுவதும் இருக்கிறது. நாம் கைமரம் என்பதை இங்கே கழுக்கோல் என்பர். நாஞ்சில் நாட்டாருக்கும் அச்சொல் பழக்கமே. கழுக்கோல்களின் தலையெல்லாம் மேலே மோந்தாயத்தில் சேரும். அடி உத்தரத்தின்மேல் அமரும். நடுவில், ஒவ்வொரு கழுக்கோலிலும் ஒரு துளை உண்டு. அத்துளைகளின் வழியே 'வளை' என்னும் நீண்ட சட்டத்தை ஊசியில் நூல் கோப்பதுபோல் கோத்துவிடுவர். இரும்பாணிக்கு வேலை மிகக் குறைவு, மரமுளைகளே பிடித்துக்கொள்ளும். நான்கு பக்கமும் சாயும் கூரையாதலின், மூலையை நெருங்க நெருங்கக் கழுக்கோலின் நீளமும் சாய்வும் மாறும். அதற்கேற்பத் துளையின் கோணமும் மாறும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் வளை உள்ளே நுழையாது. மோந்தாயம் வளைந்தால் அறுபத்துநான்கும் வளையும் என்று மலையாளத்தார் பழமொழி சொல்வது தலைவன் பிழையால் குடி கெடுவதைக் குறித்தாலும், அதைச் சொன்னவர் கூரை ஏறிக் கண்டவராகத்தான் இருக்க வேண்டும்.

சுவரும் பல வீடுகளில் மரமே. சட்டங்களில் காடி வெட்டி, அக்காடியில் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்குவர். நெல் சேமிக்கும் அறையின் வாயிலுக்கும் இம்முறையே; கடைசிப் பலகை பூட்டாக நின்றுவிடும். இது நமக்குப் புதிதன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் ஏற்படுத்திய சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர்கள் நெடுங்காலமாக உள்ளனர். அங்கும் நம் ஊர்க் கடைவீதிகளிலும் இரும்புச் சுருள்கதவு வருமுன் கடையை அடைத்தது நிரைப்பலகைதானே! ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதிய பலகைகளைக் காலையில் கழற்றி மாலையில் மாட்டிய கடைப்பையன்கள் இன்று தாத்தாக்களாகி இருப்பர். ஏழாம் பலகையை ஐந்தாம் இடத்தில் செருகிவிட்டு முதலாளியிடம் வசவு வாங்காதவர் அவர்களுள் எத்தனை பேர்? இணைப்புக் கட்டடம் என்று இன்று பெரிதாகப் பேசப்படுவதன் முதற்பாடம் அந்தப் பலகை எண்ணிலேயே அடங்கியிருந்தது.

இவ்வாறு பூட்டியதைக் கழற்றலாம். கழற்றியதை மறுபடி பூட்டலாம். இதற்குச் சான்று தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவைச் சென்னை சென்றிருந்தபோது பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே கேரளப் பகுதியில் நிற்கும் வீடுகள் பழமையைப் பார்த்துப் புதிதாகக் கட்டியவை அல்ல. திருவனந்தபுரத்திலிருந்து ஒரு மரவீடு. கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த ஒரு சிரியக் கிறித்தவர் வீடு. இவை நின்ற இடத்தில் கழற்றப்பட்டு, மலை தாண்டிக் கொண்டுவரப்பட்டு, வங்கக் கடலோரத்தில் மீண்டும் பூட்டப்பட்டவை. அந்த வளாகத்தின் அமைப்பை வரைந்து தந்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்து நாலாஞ்சிறையில் வாழ்ந்து, 2007-இல் இங்கேயே மறைந்தவர். இவ்வூர் வீடும் இவ்வூரில் வாழ்ந்த சிற்பியின் வரைபடமும் சேர்ந்தே சென்னைக்குக் குடிபெயர்ந்தன என்னலாம்.

வந்து சேர்ந்தது எது, வராமல் நின்றது எது என்பதுதான் கவனிக்கத் தக்கது. மரம் வந்தது, பூட்டு வந்தது, அளவு வந்தது. அடித்தளம் வரவில்லை, கிணறு வரவில்லை, முற்றத்து மண் வரவில்லை. புதிய நிலத்தில் புதிய மேடை கட்டி, பழைய கோல் கணக்குக்கு ஒரு விரலும் பிசகாமல் அதைச் சமன் செய்த பின்னரே உத்தரம் அமர்ந்திருக்கும். மேடை கோணினால் கழுக்கோலின் துளைகள் நேர்படா. பிள்ளைகளின் விளையாட்டில் 50,000 மணி எதற்குப் போகிறது என்று கேட்டால், இதற்குத்தான் என்று நாம் விடை சொல்லலாம்.

வீட்டை ஆயத்தமாகச் செய்து அனுப்பும் எண்ணம் உலகில் பிறர்க்கும் தோன்றியதே. 1830-களில் லண்டன் தச்சரான ஜான் மேனிங், ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய தம் மகனுக்காகக் கழற்றிப் பூட்டும் குடில் ஒன்றைச் செய்து கொடுத்தார். பின்னர் அதுவே அவருக்குத் தொழிலாயிற்று. நம் நாட்டில், பிரிவினையால் வீடிழந்து வந்தோருக்காக டில்லி ஜங்புராவில் அரசாங்கமே வீட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கிற்று. அதற்கு வழிகாட்டியவர் ஜெர்மானியச் சிற்பியான ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர். நோக்கம் உயர்ந்தது, ஆனால் நுரைக் கான்கிரீட்டில் வார்த்த சுவர்ப் பாளங்கள் வெடிப்புக் கண்டன. 1950-களின் தொடக்கத்திலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. பின்னாளில் ஹிந்துஸ்தான் பிரிஃபாப் என்று பெயர் பெற்ற அத்தொழிற்சாலை வேறுவகைக் கான்கிரீட் வார்ப்புகளுக்குத் திரும்பிற்று. டில்லித் தமிழர்கள் ஜங்புரா வழியே போகும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

திருவனந்தபுரத்திலும் புது முயற்சி நடந்திருக்கிறது. பி.டி.பி. நகரில் உள்ள மாநில நிர்மிதி கேந்திரத்தின் வளாகத்தில், இயந்திரம் கான்கிரீட்டை வரிவரியாகப் பிழிந்து அடுக்கிய கட்டடம் ஒன்று 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. கேரளத்தில் இம்முறையில் எழுந்த முதற் கட்டடம் அது. பரப்பு 380 சதுர அடி; முடிந்தது 28 நாளில்; ஆகவே 'அமேஸ்-28' என்று பெயரிட்டனர். செய்தவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றோர் தொடங்கிய துவஸ்தா நிறுவனத்தார். துவஷ்டா என்பது வேதத்தில் வரும் தெய்வத் தச்சனின் பெயர். பெயர் வைத்தவர்கள் மரபறிந்தவர்களே. வேகத்தை நாம் பாராட்டத்தான் வேண்டும். வெள்ளமும் மண்சரிவும் வீட்டைக் கொண்டுபோன குடும்பத்துக்கு நாள் கணக்கு மிகப் பெரிது. ஆனால் பிழிந்த சுவரைப் பெயர்த்தெடுக்க இயலாது, இடிக்கத்தான் முடியும். அம்முறை பழைய மரவீட்டின் வாரிசு அன்று என்பது நம் கருத்து.

பேக்கர் இயந்திர வழியை விரும்பியவர் அல்லர். வீட்டுக்குச் செலவிடும் பணம் சிமெண்டுக்கும் இரும்புக்கும் போகாமல் உள்ளூர்க் கொத்தனார் கையிலும் தச்சர் கையிலும் சேர வேண்டும் என்பது அவர் கொள்கை. எனினும் இடித்த பழைய வீடுகளின் கதவு, சன்னல், ஓடு ஆகியவற்றைத் தேடி வாங்கிப் புது வீட்டில் பொருத்துவதில் அவருக்கு இருந்த ஈடுபாட்டை அவர் கட்டிய வீடுகளில் காணலாம். பழைய உறுப்புக்குப் புது உடல் தருவதும் ஒருவகைப் பெயர்த்து நடுதலே.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் சொல்கிறோம்? வெளிமாநிலத்தில் வாழும் நம்மவருள் பலருக்கு ஊரில் ஒரு பழைய வீட்டில் பங்கு இருக்கிறது. ஐந்து பங்காளிகள், நால்வர் நான்கு ஊர்களில், பூட்டிய வீட்டில் கரையான் மட்டும் குடியிருக்கிறது. ஒருநாள் தொலைபேசியில் முடிவாகிறது: விற்றுவிடலாம் என்று. மனையை ஒருவர் வாங்குகிறார்; மரத்தை வேறொருவர் வாங்குகிறார். தூண் ஓர் ஊருக்கு, நிலைக்கதவு வேறோர் ஊருக்கு, உத்தரம் மர அறுவை ஆலைக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக நிற்கும் செட்டிநாட்டுத் தூண்களையும் கதவுகளையும் கண்டவர்களுக்கு இது விளங்கும். தனித்தனியே அவை அழகியவைதாம்; ஆனால் எந்தத் தூண் எந்தப் போதிகையைத் தாங்கிற்று என்பதை அங்கே எவராலும் சொல்ல இயலாது. கழுக்கோல்களைக் கட்டுக் கட்டாக எடைபோட்டு விற்றால், அறுபத்துநான்கும் விறகுக்குச் சமானம்.

விற்க வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. பங்காளிகளின் தேவை அவரவர் அறிவார். விற்பதாயினும், கழற்று முன் ஒரு வார வேலை இருக்கிறது. அதற்குச் செலவு அதிகமில்லை. கூரை பூட்டத் தெரிந்த மூத்த ஆசாரி ஒருவரை அழைத்து வாருங்கள். இன்று அத்தகையோர் வெகு சிலரே. வீட்டின் தரைப்படத்தையும் கூரைப்படத்தையும் ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். வடகிழக்கு மூலையை முதலெண்ணாக வைத்துச் சுற்றி வந்து ஒவ்வொரு கழுக்கோலுக்கும் ஓர் எண். வளைக்கு ஓர் எழுத்து. பலகைக்குச் சுவரின் பெயரும் வரிசை எண்ணும். மையால் எழுதினால் முதல் மழையில் போய்விடும். வெளியே தெரியாத முகத்தில் உளியால் கொத்தச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் அவ்விடத்தில் பழைய ஆசாரி இட்ட கீறல்கள் முன்பே இருக்கக்கூடும். அவற்றை இழைத்துவிடாமல் பக்கத்திலேயே புது எண் வரட்டும். ஒவ்வொரு பூட்டையும் கழற்றுமுன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். தரைப்படத்துக்கு ஐந்து படிகள் எடுத்து, டில்லிக்கும் மும்பைக்கும் பெங்களூருக்குமாக ஐந்து பங்காளிகளுக்கும் ஒவ்வொன்று அனுப்புங்கள். ஆறாவது படி மரத்தோடு செல்லட்டும்.